பதினைந்து மீட்டர்

கோப்பு எண் இருநூற்றுப் பதினேழு.
பொருள்: வம்பாகீரப்பாளையம், குறுக்குத் தெரு,
குளோத்தில்து அம்மாள் வீட்டு மொட்டைமாடியில்
கைபேசிக் கோபுரம். கேட்கும் உயரம் முப்பது மீட்டர்.

புராதனப் பகுதியின் எல்லைக்கோட்டை
சிவப்பு மையில் வரைந்தவன் நான்தான்,
ஒன்பது வருஷத்துக்கு முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை,
சாப்பாட்டு நேரம் தாண்டி, பசியோடு.
கோடு அந்த வீட்டின் குறுக்கே போயிற்று.
அடுப்படி வெளியே. வாசல் உள்ளே.
ஆகவே அவளுக்கும் விதி உண்டு:
பதினைந்து மீட்டருக்கு மேல் எதுவும் எழக்கூடாது.
மஞ்சள் சுவரும் காகிதப்பூவும் பார்க்க வருகிறவர்கள்
நிமிர்ந்தால்
இரும்பு தெரியக்கூடாது.

நல்ல விதி. இன்றும் நம்புகிறேன்.
விதி இல்லாத தெருக்களையும் பார்த்திருக்கிறேன்.

கம்பெனிக்காரன் ஒரு படம் கொண்டுவந்தான்.
பனைமரம்.
ஓலை பிளாஸ்டிக், அடிமரம் எஃகு, உச்சியில்
நுங்குக் குலை மாதிரி ஆன்டெனா.
"மரத்துக்கு உயர வரம்பு இருக்கா சார்?"
நாற்பது பக்கம் புரட்டினேன். இல்லை.
மரம் என்றால் என்ன என்றும் இல்லை.
வனத்துறைக்கு எழுதிக் கேட்டோம்.
நடுவதற்கு எங்கள் அனுமதி தேவையில்லை,
வெட்டும்போது வரவும் என்று பதில் வந்தது.

ஆட்சேபணைக் கடிதங்கள் பதினொன்று.
மருமகளுக்கு ஏழு மாசம், கதிர்வீச்சு ஆகாது.
குருவி வராது.
வாடகை அவளுக்கு மட்டும் எப்படி?
மாடி உணவகக்காரர் புகைப்படம் இணைத்திருந்தார்:
சூரிய உதயம், காப்பிக் கோப்பை,
கோபுரம் வரப்போகும் இடத்தில் பேனாவால் ஒரு பெருக்கல் குறி.

பன்னிரண்டாவது கடிதம் இல்லை, ஆள்.
அஞ்சலாட்சி. மீன்கூடையைப் படியிலேயே
வைக்கச் சொல்லிவிட்டார் பியூன்.
வாசம் மட்டும் கூட வந்தது.

"அந்தக் கம்பம் எம்மாந் தூரம் கேக்கும்?
எங்க வீட்டுக்காரரு இருபது பாகத்துல வலை போடுறாரு.
நேத்து மூணு மணிக்குக் காத்து மாறிச்சி. அடிச்சேன்.
தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளார்னு
ஒருத்தி சொல்றா.
அடிக்க அடிக்க அதையே சொல்றா.
எல்லை எங்கன்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கு.
எனக்குச் சொல்லக் கூடாதா?"

மஞ்சினி அன்று இருட்டுவதற்குள் கரை சேர்ந்துவிட்டாராம்.
அதையும் அவளேதான் சொன்னாள்,
கூடையைத் தூக்கிக்கொண்டே.

பிறகு கணக்குப் போட்டேன், குறிப்புத் தாளின் பின்பக்கம்.
பதினைந்து மீட்டர் உயரத்துக்கு
கடலில் பதினான்கு கிலோமீட்டர்.
முப்பதுக்குப் பத்தொன்பதரை.
உயரம் இரட்டித்தால் தூரம் இரட்டிப்பதில்லை,
கடல் வளைந்து கொஞ்சம் தப்பித்துவிடுகிறது.
மிச்சம் ஐந்தரை.
நான் தெருவில் குறைத்த பதினைந்து மீட்டர்
அங்கே போய் ஐந்தரைக் கிலோமீட்டராகக் கிடக்கிறது,
பேச்சில்லாமல்.

எங்கள் வரைபடத்தில் கடல் கிடையாது.
கரையோரக் கருங்கல்லோடு நகரம் முடிகிறது.
அப்புறம் வெறும் தாள்,
அளவுகோலும் வடக்கு அம்பும் போடுகிற இடம்.
அதில் பென்சிலால் இரண்டு வளைவு போட்டேன்.

அதிகாரி மூக்குக்கண்ணாடியை உயர்த்தினார்.
"என்னய்யா இது?"
"கடல் சார்."
"நம்ம எல்லையில வராதே."
"வராது சார்."

அவர் அழிக்கச் சொல்லவில்லை. கையெழுத்தும் போடவில்லை.
பிளாஸ்டிக் பனையின் படத்தை மட்டும்
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.
கோப்பு மேசையில் இருக்கிறது, மேலே இன்னும் நான்கு கோப்புகள்.

வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால்
குளோத்தில்து அம்மாள் மாடியில் ஒரு துளை,
காம்பஸ் முள் இறங்கிய இடம்.